ஒரே ரத்தம், ஏன் இத்தனை டியூப்கள்?

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனால் ஊசி குத்துவது ஒரு தடவைதான். ஆனால் ஊதா, சிவப்பு, நீலம், சாம்பல் என்று வெவ்வேறு நிற மூடி போட்ட டியூப்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிறைந்துகொண்டே போகும். உடம்பில் ஓடுவது ஒரே ரத்தம்தானே, ஒரு பெரிய டியூபில் மொத்தமாக எடுத்து லேபில் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாதா என்று யாருக்கும் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் புழங்கும் பதில்களில் பல தவறானவை. நிறம் நோயைக் குறிக்கிறது என்கிறார்கள் சிலர். டியூப்கள் எல்லாம் காலியானவை, மூடி வெறும் அடையாளம் என்கிறார்கள் சிலர். உள்ளே ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து இருக்கிறது என்பது இன்னொரு பேச்சு.

மூன்றுமே சரியில்லை. மூடியின் நிறம் சொல்வது ஒன்றே ஒன்று: அந்த டியூபுக்குள் முன்கூட்டியே என்ன பொருள் வைக்கப்பட்டிருக்கிறது என்பது. அந்தப் பொருள் ரத்தத்தில் ஒன்றைக் காப்பாற்றும், அதற்கு விலையாக வேறொன்றைக் கெடுக்கும். எல்லாவற்றையும் காப்பாற்றி எதையும் கெடுக்காத பொருள் கிடையாது. அதனால்தான் இத்தனை டியூப்கள்.

அளவைப் பற்றிய பயமும் வேண்டாம். ஒரு டியூபில் போவது பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிலிட்டர். பெரியவர்கள் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது.

## வெளியே வந்ததும் ரத்தத்துக்கு என்ன ஆகிறது?

உடம்பைவிட்டு வந்த ரத்தம் சும்மா இருக்காது. முதலாவது, அது உறையத் தொடங்கும். இரண்டாவது, அதில் உள்ள செல்கள் உயிரோடு இருப்பதால் சுற்றியுள்ள சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். டியூபுக்குள் வைக்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைக் கையாளத்தான்.

உறைதல் எப்படி நடக்கிறது என்று முதலில் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. ஒரு சுவர் கட்டும் வேலையாக இதை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் பத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேலையாட்களாக எப்போதும் தயாராக இருக்கின்றன. ஆனால் யாரும் வேலையைத் தொடங்குவதில்லை. காயம் பட்டதும் ஒருவர் எழுந்து அடுத்தவரை எழுப்புகிறார், அவர் அதற்கடுத்தவரை. இந்தப் புரதங்களுக்கு உறைதல் காரணிகள் என்று பெயர். வரிசையின் கடைசியில் இருக்கும் தலைமைக் கொத்தனார் த்ராம்பின் என்னும் புரதம். ரத்தத்தில் கரைந்து கிடக்கும் இன்னொரு புரதத்தை வெட்டி, ஃபைப்ரின் என்ற நூலிழைகளாக அது மாற்றுகிறது. இழைகள் வலையாகப் பின்னிக்கொள்ள, செல்கள் அதில் சிக்க, ரத்தம் கட்டியாகிறது.

இந்த வேலையாட்கள் ஏறி நிற்க ஒரு சாரம் வேண்டும். அந்தச் சாரம்தான் கால்சியம். காயத்தின் மேல் குவியும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) பரப்பில் உறைதல் காரணிகள் ஒட்டி நின்றால்தான் ஒன்றை ஒன்று எழுப்ப முடியும். அப்படி ஒட்டவைப்பது கால்சியம் அயனிகள். கால்சியம் இல்லையென்றால் காரணிகள் அத்தனையும் ரத்தத்தில் இருந்தும், ஒன்றையொன்று சேராமல் மிதந்துகொண்டிருக்கும்.

காயமே இல்லாத டியூபில் ரத்தம் ஏன் உறைகிறது? கண்ணாடியின் பரப்பு பட்டாலே உறைதல் காரணிகளில் ஒன்று விழித்துக்கொள்ளும். அப்புறம் வேலை தானாக நடக்கும்.

ஆக, உறைதலை நிறுத்த இரண்டு வழி உண்டு. சாரத்தைப் பிரிக்கலாம், அல்லது தலைமைக் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டில் எதைச் செய்யும் பொருளுக்கும் உறைவுத்தடுப்பான் என்று பெயர். எதுவும் ரத்தத்தை நீர்க்க வைத்து இதைச் செய்வதில்லை. கரைசலாக இருக்கும் நீல டியூபைத் தவிர மற்றவற்றில் செல்களின் அடர்த்தி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், கட்டியாகாது, அவ்வளவுதான்.

## ஊதா மூடி: சாரத்தைக் கவ்விக்கொண்டு போகும் ஈடிடிஏ

ஊதா மூடி டியூபை வெளிச்சத்தில் பார்த்தால் உள்சுவரில் மெல்லிய வெண்படலம் தெரியலாம். அது ஈடிடிஏ. உலோக அயனிகளைப் பல பக்கமிருந்தும் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு. 1935இல் ஃபெர்டினாண்ட் மூன்ஸ் என்ற வேதியியலாளர் இதை உருவாக்கியபோது ரத்தப் பரிசோதனை அவர் நினைப்பிலேயே இல்லை. துணிக்குச் சாயமேற்றும் கரைசலில் கலந்திருந்து தொல்லை தரும் கால்சியத்தை அகற்றத்தான் அது தேவைப்பட்டது. அதே கால்சியப் பிடிப்பு ரத்தத்தில் உறைதலை நிறுத்துகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 1.5 முதல் 2.2 மில்லிகிராம் வரை போதும்.

ஈடிடிஏவின் சிறப்பு, செல்களின் வடிவத்தைப் பெரும்பாலும் கலைக்காமல் வைப்பது. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு இவற்றை எண்ணும் சிபிசி பரிசோதனைக்கு அதுதான் முக்கியம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கும் இதே டியூப்தான், ஏனென்றால் அது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைப் பார்க்கிறது. ரத்த வகை பார்க்கவும் ஈடிடிஏ ரத்தம் பயன்படும். அதற்கென்று இளஞ்சிவப்பு மூடியில் தனி டியூபும் உண்டு.

எதைக் கெடுக்கிறது? கால்சியம் முழுக்க அதன் பிடியில் போய்விடுவதால் இந்த ரத்தத்தில் கால்சியத்தை அளக்க முடியாது. டியூபில் இருப்பது ஈடிடிஏவின் பொட்டாசியம் உப்பு, அதனால் பொட்டாசியத்தையும் அளக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

## வெளிர்நீல மூடி: சாரத்தைக் கழற்றி வைக்கும் சிட்ரேட்

சிட்ரேட்டும் கால்சியத்தைத்தான் பிடிக்கிறது. ஆனால் பிடி தளர்வானது. பின்னால் புதிதாகக் கால்சியம் சேர்த்தால் உறைதல் மறுபடி தொடங்கிவிடும். உறைதலையே அளக்கும் பரிசோதனைகளுக்கு வேண்டியது இதுதான். பிடி (PT), ஐஎன்ஆர் (INR), ஏபிடிடி (aPTT) என்று சீட்டில் எழுதுவார்களே, அவையெல்லாம் இந்த வகை. லேபில் ரத்தத்தின் திரவப் பகுதியைப் பிரித்து, கால்சியத்தையும் உறைதலைத் தூண்டும் பொருளையும் சேர்த்து, கட்டியாக எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். ஈடிடிஏ இதற்கு உதவாது. அதன் பிடி இறுக்கமானது, போதாததற்குச் சில உறைதல் காரணிகள் அதில் நிலைத்து நிற்பதில்லை.

இந்த டியூபில் பொருள் தூளாகவோ படலமாகவோ இல்லை, திரவமாக இருக்கிறது. 3.2 சதவீத சிட்ரேட் கரைசல் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு. இந்த 9:1 கணக்கு மாறவே கூடாது. லேப்கள் நீல டியூபைத் திருப்பி அனுப்புவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

டியூப் பாதிதான் நிறைந்தது என்று வையுங்கள். ரத்தம் குறைவு, சிட்ரேட் மட்டும் முழு அளவு. மிச்சமாக நிற்கும் அந்த சிட்ரேட், லேபில் பிறகு சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் உறைய நேரம் பிடிக்கும். முடிவைப் பார்ப்பவருக்கு இவர் ரத்தம் சீக்கிரம் உறைவதில்லை என்று தோன்றும். உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவராக இருந்தால், மருந்து அதிகமாகிவிட்டது என்று நினைத்து அளவைக் குறைத்துவிட நேரலாம். உண்மையில் அவருக்கு அந்த அளவு தேவைப்பட்டிருக்கலாம். குறைந்தது 90 சதவீதம் நிறையாத நீல டியூபைத் திருப்பி அனுப்பி மறுபடி ரத்தம் கேட்கும் லேப், தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. எரிச்சல் வந்தாலும் இன்னொரு தடவை கை நீட்டுங்கள்.

சிட்ரேட்டுக்கு இதைவிடப் பெரிய வரலாறும் உண்டு. அதற்கு முன்னால் ரத்தம் ஏற்றுவதென்றால் கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தாக வேண்டும். 1914இல் பிரஸ்ஸெல்ஸில் ஆல்பர்ட் ஹுஸ்டினும், அதே ஆண்டு பியூனஸ் அயர்ஸில் லூயிஸ் அகோட்டேயும் சிட்ரேட் கலந்த ரத்தத்தை நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். ரத்தத்தை எடுத்து வைத்து அப்புறம் கொடுக்கலாம் என்ற வழியே அங்கிருந்துதான் திறந்தது.

இதுவரை பார்த்த இரண்டும் கால்சியத்தைப் பிடித்து உறைதலை நிறுத்துபவை. ஈடிடிஏ இறுக்கமாகப் பிடிக்கும், செல்களை எண்ண உதவும். சிட்ரேட் தளர்வாகப் பிடிக்கும், உறையும் நேரத்தை அளக்க உதவும்.

## பச்சை மூடி: கொத்தனாரின் கையைப் பிடிக்கும் ஹெப்பாரின்

1916இல் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், வில்லியம் ஹவெல் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் உறைதலைத் தூண்டும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். நாயின் ஈரலிலிருந்து அவர் பிரித்தெடுத்தது நேர்மாறாக உறைதலைத் தடுத்தது. ஹெப்பாரினின் தொடக்கம் அது.

ஹெப்பாரின் கால்சியத்தைத் தொடுவதே இல்லை. நம் ரத்தத்திலேயே ஆன்டித்ராம்பின் என்ற புரதம் இருக்கிறது. த்ராம்பினைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை, ஆனால் மெதுவாகச் செய்யும். ஹெப்பாரின் போய் ஒட்டிக்கொண்டதும் அந்த வேகம் சுமார் ஆயிரம் மடங்காகிறது. த்ராம்பினும் அதை எழுப்பிவிடும் இன்னொரு காரணியும் முடங்கிப்போகின்றன. சாரம் அப்படியே நிற்கிறது, கட்ட ஆள் இல்லை.

கால்சியம் கைபடாமல் இருப்பதால் உப்புகள், சிறுநீரகம், ஈரல் சார்ந்த பல அளவுகளை இந்த டியூபில் பார்க்கலாம். உறையக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அவசர சிகிச்சையில் பெரிய வசதி. ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பச்சை டியூபில் இருப்பது பெரும்பாலும் ஹெப்பாரினின் லித்தியம் உப்பு. மனநலச் சிகிச்சைக்காக லித்தியம் மாத்திரை எடுப்பவரின் ரத்த லித்தியத்தை அதில் அளந்தால், டியூபின் லித்தியமும் சேர்ந்து தெரியும். மருந்தே எடுக்காதவருக்குக்கூட அளவு காட்டும். மரபணுத் துணுக்கைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் பரிசோதனைக்கும் ஹெப்பாரின் இடைஞ்சல், அதற்கு ஈடிடிஏதான் ஏற்றது.

## சிவப்பு, பொன்மஞ்சள்: உறையட்டும் என்று விடுவது

எல்லா டியூபும் உறைதலைத் தடுப்பதற்கு என்று நினைப்பது இயல்பு. சிவப்பு மூடியில் நடப்பது அதற்கு எதிர்மாறு. இங்கே உறைய வேண்டும். பிளாஸ்டிக் டியூபாக இருந்தால் சீக்கிரம் உறையட்டும் என்று உள்ளே சிலிக்காத் துகள் பூசியிருப்பார்கள். கண்ணாடியின் பரப்பு செய்யும் வேலையைப் பிளாஸ்டிக் அவ்வளவாகச் செய்யாது, அதைச் சரிக்கட்டத்தான் இந்தப் பூச்சு.

உறையாமல் தடுத்த ரத்தத்தைச் சுழற்றினால் செல்கள் அடியில் தங்கி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் திரவம் பிளாஸ்மா. உறையவிட்டுச் சுழற்றினால் மேலே நிற்பது சீரம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஃபைப்ரின் இழைகளாக மாறும் புரதம் பிளாஸ்மாவில் இன்னும் இருக்கிறது, சீரத்தில் செலவாகிவிட்டது. முக்கியமான வித்தியாசம் அதுதான்.

சீரத்தில் தடுப்பான் எதுவும் கலக்காது என்பதால் தைராய்டு, கொழுப்பு, கிருமிக்கு எதிரான புரதங்கள் என்று மிகப் பலவற்றுக்கு இதை விரும்புகிறார்கள். பொன்மஞ்சள் மூடி டியூபில் கூடுதலாக ஒரு ஜெல் இருக்கும். அதன் அடர்த்தி செல்களைவிடக் குறைவு, சீரத்தைவிட அதிகம். சுழற்றும்போது இரண்டுக்கும் நடுவில் போய் நின்று தடுப்பாகிவிடும்.

உறைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் கூடும். அவசரப்பட்டுச் சுழற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் இழைகள் மிதந்து கருவியைக் குழப்பும். ரிசல்ட் ஏன் உடனே வரவில்லை என்பதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

## சாம்பல் மூடி: செல்களின் பசியை நிறுத்துவது

எல்லாவற்றிலும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த டியூப்தான் என்பது என் எண்ணம்.

எடுத்து வைத்த ரத்தத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். மூன்று மணி நேரம் கழித்து அளந்தால், சர்க்கரை நோயின் எல்லையைத் தாண்டிய ஒருவர் எல்லைக்குள் இருப்பதாகத் தெரியலாம். இதற்குத்தான் சாம்பல் டியூபில் சோடியம் ஃபுளோரைடு. செல்லுக்குள் சர்க்கரையை உடைக்கும் தொடர்வேலையில் எனோலேஸ் என்ற நொதியை அது முடக்குகிறது. கூடவே இருக்கும் பொட்டாசியம் ஆக்சலேட், கால்சியத்தைப் படிவாக்கி உறைதலைத் தடுக்கிறது.

இந்த டியூபில் எடுத்ததும் சர்க்கரை அளவு அந்தக் கணமே நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. சர்க்கரையை உடைக்கும் பாதையில் பத்துப் படிகள். எனோலேஸ் ஒன்பதாவது படி. அதை அடைத்தாலும் முதல் படிகள் உடனே நிற்பதில்லை, தேக்கம் பின்னோக்கி வந்து சேரும்வரை சர்க்கரை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அளவு இறங்கத்தான் செய்கிறது, அப்புறம்தான் நிலைக்கிறது. எனவே சாம்பல் டியூபில் எடுத்தாலும் சீக்கிரம் சுழற்றிச் செல்களைப் பிரிப்பதே நல்லது.

## வரிசை ஏன் முக்கியம்?

அனுபவமுள்ள டெக்னீஷியன் டியூப்களைக் கைக்கு வந்தபடி எடுப்பதில்லை. கிருமி வளர்ப்புக்கான பாட்டில் இருந்தால் அது முதலில். அப்புறம் நீலம், சிவப்பு அல்லது பொன்மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஒரு டியூபின் பொருள் ஊசிமுனை வழியே அடுத்த டியூபுக்குத் துளியாவது போய்விடக்கூடும் என்பதால் இந்த ஒழுங்கு.

இப்போது ஊதா டியூபைப் பற்றிச் சொன்னது உதவும். ஈடிடிஏவின் பொட்டாசியம் உப்பு கொஞ்சம் சிவப்பு டியூபில் கலந்துவிட்டது என்று வையுங்கள். பொட்டாசியம் ஏறித் தெரியும், கால்சியம் இறங்கித் தெரியும். துத்தநாகமும் மெக்னீசியமும் பறிபோவதால் ஏஎல்பி என்ற நொதியின் அளவும் விழும். பொட்டாசியம் வழக்கமாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான். அது 7, 8 என்று வந்தால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடிய அவசர நிலை. ஆள் நன்றாக இருக்க, காகிதத்தில் மட்டும் அவர் ஆபத்தில் இருப்பார். பொட்டாசியம் அதிகம், கால்சியம் மிகக் குறைவு, ஏஎல்பியும் குறைவு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் டியூபைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு டியூபில் ரத்தம் போதவில்லை என்று மூடியைத் திறந்து இன்னொன்றிலிருந்து ஊற்றி நிரப்புவது இந்தத் தவற்றை நேரடியாக வரவழைக்கும். எந்த அவசரத்திலும் செய்யக் கூடாத வேலை அது.

எடுத்த பிறகு டியூபை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பிக் கலக்க வேண்டும். ஊதா, பச்சை, சாம்பல் எட்டு முதல் பத்து முறை, நீலம் மூன்று நான்கு முறை. கலக்காவிட்டால் ஒரு மூலையில் சின்னக் கட்டிகள் உருவாகும், தட்டணுக்கள் அதில் மாட்டிக்கொண்டு எண்ணிக்கை குறையும். வேகமாகக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம், அது கசிந்து மறுபடியும் பொய்யான உயர்வு.

## நிறம் உலகம் முழுக்க ஒன்றா?

இல்லை. மேலே சொன்னது பெரும்பாலான இடங்களில் புழங்கும் வரிசை. ஐரோப்பாவில் பரவலாக உள்ள இன்னொரு வரிசையில் சிவப்பு மூடி ஈடிடிஏவைக் குறிக்கும், பச்சை சிட்ரேட்டை, ஆரஞ்சு ஹெப்பாரினை. ஒரே வரிசைக்குள்ளும் குழப்பம் வரலாம். பொன்மஞ்சள் மூடியில் ஜெல், வெளிர்மஞ்சள் மூடியில் முற்றிலும் வேறு கரைசல்கள். ஆகவே டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் பொருளின் பெயரைப் படிப்பதே பாதுகாப்பு. காலாவதி நாளையும் பார்க்க வேண்டும். இந்த டியூப்களுக்குள் காற்று உறிஞ்சப்பட்டு வெற்றிடமாக இருக்கிறது, அதுதான் சரியான அளவு ரத்தத்தைத் தானாக இழுக்கிறது. நாளானால் வெற்றிடம் குறைந்து டியூப் முழுதாக நிறையாது.

## சரியான டியூபே ஏமாற்றும்போது

கடைசியாக, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கும் ஒன்று. சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு ஊதா டியூபில் எடுத்த ரத்தத்தில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகிவிடும். கால்சியம் போனதும் தட்டணுவின் பரப்பில் சில பகுதிகள் உருமாறும். சிலருடைய ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்கள் அந்த உருமாறிய பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. எண்ணும் கருவி ஒரு கொத்தைப் பல தட்டணுக்கள் என்று அடையாளம் காணாது. முடிவில் எண்ணிக்கை பயமுறுத்தும் அளவுக்குக் குறைந்து தெரியும். உடம்புக்குள் ஒரு குறையும் இருக்காது.

அதனால் ரத்தக்கசிவோ வேறு அறிகுறியோ இல்லாமல் தட்டணு மட்டும் திடீரென்று மிகக் குறைவாக வந்தால், சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கொத்துகள் தெரிந்தால் நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி ரத்தம் எடுத்து எண்ணுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதில் தட்டணுக்கள் ஒட்டுவதில்லை. வந்த எண்ணை 1.1ஆல் பெருக்குவார்கள், ஏனென்றால் அந்த டியூபில் பத்தில் ஒரு பங்கு சிட்ரேட் கரைசல்.